சோளம் வாங்கப் போன நாலு நாள்

முதல் நாள்: ஹாலிஎல – பதுளை – பசறை

ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பவில்லை. இலங்கையில் பதுளைப் பக்கம், ஹாலிஎலவில் எனக்கு 500 முட்டைக்கோழி இருக்கிறது. ஒரு கோழி நாளைக்குச் சுமார் 110 கிராம் தீனி தின்னும். அதில் பாதிக்கு மேல் சோளம். ஆக, பொழுது விடிந்தால் எனக்கு முப்பது கிலோ சோளம் வேண்டும். பொங்கல் என்றாலும் வேண்டும், காய்ச்சலில் படுத்திருந்தாலும் வேண்டும். கடையில் மூட்டைத் தீனி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. மாசி மாதம் பெரும்போகச் சோளம் ஒடிக்கிற நேரம். நேரே காட்டுக்கே போய் வாங்கினால் என்ன என்று தோன்றியது. பக்கத்து வீட்டுத் தம்பியின் லொறி, நாங்கள் இரண்டு பேர், நாலு நாள். இரவில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் எழுதிப் போடுகிறேன்.

தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நாங்கள் சோளம் என்பது உங்கள் மக்காச்சோளத்தை. சிங்களத்தில் பட இரிங்கு. எங்கள் லயங்களிலும், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலும், பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள்.

முதலில் பசறை. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி அங்கே ஒரு தோட்டத்தில் இருக்கிறார். மாமா நாற்பது வருடம் கான் வெட்டியவர். தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே வெட்டுகிற வடிகாலைத்தான் கான் என்போம். ஓய்வு பெற்ற பிறகு, தோட்டம் கைவிட்டுக் காடாகிப்போன மலையில் கால் ஏக்கர் அளவு துண்டைத் துப்புரவாக்கி ஏதாவது போடுவார். முன்பு போஞ்சி. இப்போது ஐந்து வருடமாகச் சோளம்.

"ஏன் மாமா போஞ்சிய விட்டீங்க?"

"போஞ்சிக்குத் தினம் தண்ணி, தினம் மருந்து, தினம் வெலை மாறும். இது வானத்தப் பாத்து நிக்கும். விதைய முதலாளியே கடனுக்குக் குடுத்திருவாரு. ஒடிச்சா மொத்தமா ஏத்திக்கிட்டுப் போயிருவாரு. நமக்கு வயசாச்சுல்ல."

பின்னேரம் அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கால் வைத்தால் சறுக்குகிற சரிவு. காய்ந்த தட்டைகள் மேலிருந்து கீழே வரிசை வரிசையாக நின்றன. குறுக்கே போட்டிருந்தால் தண்ணீர் ஒவ்வொரு வரிசையிலும் கொஞ்சம் தடுமாறி இறங்கும். மேலிருந்து கீழே போட்டால் வரிசையே வாய்க்கால். "மூட்டைய இழுத்து எறக்க இதுதான் லேசு" என்றார் மாமா, நான் கேட்காமலே.

இடையில் ஒரு பழைய தேயிலைக் கட்டை. மாமா குந்திக்கொண்டு அதைக் காட்டினார். கட்டையின் மேல்பகுதி பாசி பிடித்துச் சாம்பல் நிறத்தில் இருந்தது. கீழே ஒரு கோடு போட்டதுபோல் நிறம் மாறி, வெளுத்த, மண்ணுக்குள் இருந்த பட்டை தெரிந்தது. அந்தக் கோட்டுக்கும் தரைக்கும் நடுவே மாமா விரலை அடுக்கினார். மூன்று விரல்.

"நான் துப்புரவாக்குறப்ப மண்ணு இந்தக் கோட்டுல நின்னுச்சு மருமகனே."

நான் சுற்றிப் பார்த்தேன். மண் போன இடத்தில் கோலிக்குண்டு அளவு வெள்ளைக் கற்கள் பரவிக் கிடந்தன. மலையே பல்லைக் காட்டுவதுபோல் இருந்தது. தேயிலை குடைமாதிரி மூடிக்கொண்டு நிற்கும், மழைத்துளி இலையில் விழுந்து உடைந்து தரைக்கு வரும். சோளத்துக்கு அது இல்லை. ஐப்பசி மழை கொட்டுகிறபோது செடி கணுக்கால் உயரம்தான் இருக்கும். வரிசைக்கு வரிசை இரண்டடி வெறும் மண். புல்லுக்கு மருந்தடித்துக் கருக்கிவிட்டதால் வேரும் பிடித்துக்கொள்ளாது.

"அப்ப ஒரு கான் வெட்டலாமே மாமா? உங்களுக்குத் தெரியாததா?"

சிரித்தார். "தோட்டத்துல கான் வெட்டுனா பேர் போட்டாங்க. இங்க யாரு போடுவா?" தோட்டத்தில் ஒரு நாள் கூலியைப் பதிவதைத்தான் பேர் போடுவது என்போம்.

இந்த மலைகளில் காட்டை வெட்டிக் கோப்பி போட்டான் வெள்ளைக்காரன். 1869இல் இலை நோய் வந்து கோப்பி அழியத் தொடங்கியது. ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரவில் தேயிலை போட்டிருந்தார், அது பிழைத்துக்கொண்டது. எங்கள் ஆட்கள் இந்த மலைகளுக்கு வந்த கதையும் அதுதான். காடு போய் கோப்பி, கோப்பி போய் தேயிலை, தேயிலை போய் இப்போது சோளம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மண் கீழே போயிருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமாவின் பேத்தி திரிபோஷா என்ற சத்துமாவைச் சீனி போட்டு உருண்டை பிடித்துத் தின்றுகொண்டிருந்தாள், கிளினிக்கில் கொடுத்தது. பேரன் த்ரீவீல் ஓட்டுகிறான். அவன்தான் கதையைத் தொடக்கினான்.

"மாமா, சோளத்துல பெற்றோல் எடுக்கிறாங்களாம், அமெரிக்காவுல. வீடியோ பாத்தேன். நம்ம நாட்டுலயும் எடுத்தா 2022 மாதிரி கியூவுல கெடக்க வேணாம்ல?"

எரிபொருள் பஞ்சம் வந்த அந்த வருடம் பசறை பெற்றோல் செட்டில் இரண்டு இரவு வண்டிக்குள்ளேயே தூங்கியவன் அவன். அவன் கேட்பதில் தப்பில்லை. நாளைக்குக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து படுத்திருக்கிறேன். லயத்துத் தகரத்தில் பனி சொட்டுகிறது.

இரண்டாம் நாள்: பசறை – லுணுகலை – பிபிலை – மொனராகலை

லுணுகலை வரை வளைவுகள். அதற்கப்புறம் ஒவ்வொரு மைல் கட்டையாக இறங்க இறங்க ஸ்வெட்டர், சட்டையின் மேல் பட்டன் என்று கழன்றுகொண்டே வந்தது. பிபிலையில் தோடம்பழம் வாங்கினோம். பிபிலை ஸ்வீட் என்று பேர் வாங்கிய பழம்தான், ஆனால் நாங்கள் வாங்கியது புளித்தது. தம்பி பாதியை வழியில் குரங்குக்குக் கொடுத்தான், குரங்கும் யோசித்துத்தான் வாங்கியது.

லொறியில் உட்கார்ந்தபடியே கணக்கைப் போட்டேன். அமெரிக்காவில் சோளத்தைப் புஷல் என்று அளப்பார்கள், நம் அளவில் 25.4 கிலோ. அதில் 2.8 கேலன் எதனோல் என்கிற எரிசாராயம் வடிக்கிறார்கள், பத்தரை லீட்டர் சொச்சம். ஒரு லீட்டருக்கு 2.4 கிலோ சோளம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு லீட்டர் எதனோலுக்கு, ஒரு லீட்டர் பெற்றோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது. 2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் முறை வந்தபோது த்ரீவீலுக்கு வாரத்துக்கு 5 லீட்டர் கொடுத்தார்கள், நினைவிருக்கும். அந்த 5 லீட்டர் செய்த வேலையைச் செய்ய எதனோல் ஏழரை லீட்டர் வேண்டும். 18 கிலோ சோளம்.

என் கோழிக் கணக்கில் சொன்னால், 43 கோழி ஒரு வாரம் தின்கிற சோளம்.

மாமாவின் கால் ஏக்கரில் இந்தப் போகம் ஆறு மூட்டை, 300 கிலோ. வாரத்துக்கு 18 கிலோ என்றால் பதினாறு, பதினேழு வாரம். நாலு மாதம் வளர்ந்த சோளம் பேரனின் வண்டியை நாலு மாதம் ஓட்டும், அதுவும் அந்தப் பஞ்சகாலக் கோட்டா அளவில். பிறகு மலையில் ஒன்றும் இருக்காது. இதில் யூரியா இருக்கிறது, அது இயற்கை எரிவாயுவில் செய்வது. வடிக்க நெருப்பு வேண்டும். ஏற்றி இறக்க டீசல் வேண்டும். எண்ணெயைப் போட்டு எண்ணெய் எடுக்கிற வேலை. போடுகிற சக்தி ஒன்றுக்கு இரண்டுக்குச் சற்று மேல் திரும்பக் கிடைக்கிறது என்பது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கணக்கு. ஆனால் அவர்கள் ஏக்கருக்கு நாலரை டன் எடுக்கிறவர்கள், தரையும் கேரம் போர்ட் மாதிரி. நம் நாட்டில் ஏக்கருக்கு ஒன்றரை டன் வந்தால் தேவலை.

என் தங்கச்சி அயோவா மாநிலத்தில் டி மொய்ன் நகரத்தில் இருக்கிறாள். சோளத்துக்கு அந்த மாநிலம்தான் தலைநகரம். காரில் மூன்று மணி நேரம் போனாலும் இரண்டு பக்கமும் சோளம், சோயா, சோளம், சோயா, பார்க்கவே பயமாக இருக்கும் என்று சொல்வாள். மதியம் அவளோடு பேசினேன். அமெரிக்காவில் சோளம் போடுகிற நிலம் ஏறக்குறைய ஒன்பது கோடி ஏக்கர். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதனோலுக்குப் போகிறது. அப்படியானால் மூன்று கோடி ஏக்கருக்கு மேல். இலங்கைத் தீவு முழுவதும், மலை, குளம், கொழும்பு எல்லாம் சேர்த்து, ஒரு கோடியே அறுபத்திரண்டு லட்சம் ஏக்கர்தான். இப்படி இரண்டு இலங்கையில் சோளம் போட்டு அவர்கள் பெற்றோலில் கலப்பது பத்தில் ஒரு பங்கு!

மேதகமவுக்குப் பக்கத்தில் முதல் வியாபாரம். சிங்களக் குடும்பம், கணவன் மனைவி, இரண்டு ஏக்கர். டிராக்டரில் பூட்டிய மெஷின் சோளத்தை உதிர்த்துக்கொண்டிருந்தது. மணி ஒரு பக்கம் பொன்மாதிரி கொட்டுகிறது, சக்கை மறுபக்கம் பறக்கிறது, எல்லார் புருவத்திலும் மஞ்சள் தூசி. ஈரம் பார்க்க மீட்டர் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார். மூட்டையின் அடியில் கையை விட்டு ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தார். 'டக்' என்று உடைந்தது. "தஹதுனய்" என்றார், பதின்மூன்றாம். மீட்டர் 13.4 காட்டியது. மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பதினாலுக்கு மேல் போனால் பூஞ்சணம் பிடிக்கும், அந்த நஞ்சு கோழி ஈரலுக்கு ஆகாது.

காட்டின் ஓரத்தில் மரத்தின் மேல் பரண். சோளம் பால் பிடிக்கிற காலத்தில் இரண்டு மாதம் அவர் அங்கேதான் தூங்குவாராம், யானைக்காக. அந்தப் பக்கம் காட்டை வெட்டிப் பயிர் போடுகிற சேனைகள் வர வர, யானைக்கு நடக்க இடம் சுருங்கிவிட்டது என்று அவரே சொன்னார். யானையைத் திட்டவில்லை. 2018 கடைசியில் வந்த சேனா படைப்புழுவைத்தான் திட்டினார். அதற்கு முன் சோளத்துக்கு மருந்தே அடித்ததில்லையாம்.

இருபது மூட்டை வாங்கினோம். மொனராகலையில் ஒரு அறை. கொசு.

மூன்றாம் நாள்: மொனராகலை – புத்தல – பெல்வத்தை – வெல்லவாய

முதலில் ஒரு திருத்தம். நேற்றுப் போட்ட கணக்கைத் தங்கச்சி வாசித்துவிட்டுக் காலையிலேயே திட்டி வொய்ஸ் அனுப்பியிருந்தாள். "அண்ணே, சக்கைய மறந்துட்டியே!" சரிதான். எதனோலாக மாறுவது சோளத்தின் மாவுச்சத்து மட்டும். புரதமும் கொழுப்பும் நாரும் மிஞ்சும். அதைக் காய வைத்துத் தீவனமாக விற்கிறார்கள். 25.4 கிலோவுக்கு ஏழரை கிலோவுக்கு மேல் அப்படித் திரும்புகிறது. என் 18 கிலோவில் ஐந்தரையைக் கழிக்க வேண்டும். ஆக 43 கோழி இல்லை, 30 கோழி. இதை மறைத்து எழுதினால் கணக்கு எனக்குச் சாதகமாக இருக்கும், நியாயமாக இருக்காது. இருந்தாலும் சின்னக் கோழிகளுக்கு அந்தச் சக்கையை அள்ளிப் போட முடியாது, நார் அதிகம்.

புத்தல பாதையில் வீதியோரம் அவித்த சோளம். ஈய அண்டாவில் உப்புத் தண்ணீர் கொதிக்கிறது, கதிர்களை உரித்த பச்சை மட்டையாலேயே மூடி வைத்திருந்தார் ஒரு வயதான அம்மா. இடுக்கியால் எடுத்து மட்டையிலேயே சுற்றிக் கையில் கொடுத்தார். கை சுட்டது, விடவும் மனமில்லை. அதே ஹைபிரிட் சோளம்தான், பாலோடு ஒடித்தது. காய வைத்து முதலாளிக்குப் போடுவதைவிட இப்படிக் கதிராக விற்றால் இரட்டிப்புக்கு மேல் நிற்கும் என்றார். ஆனால் எத்தனை கார்தான் நிற்கும்?

பெல்வத்தையில் சீனி ஆலையின் புகைபோக்கி தூரத்திலேயே தெரியும். எண்பதுகளில் வந்த ஆலை. 2011இல் அரசு இதையும் செவனகலை ஆலையையும் கையில் எடுத்து, இப்போது லங்கா சீனிக் கம்பனியின் கீழ். கரும்பில் சீனி எடுத்தபின் மிஞ்சுகிற கழிவுப்பாகில் இங்கே எதனோல் வடிக்கிறார்கள். அது காருக்குப் போவதில்லை, சாராயத்துக்குப் போகிறது. 2021 ஜனவரியில் இருந்து எதனோல் இறக்குமதியை நிறுத்தியபோது இந்த ஆலைகளைத்தான் நம்பினார்கள். பேரனுக்கு இதை எழுதி அனுப்பினேன். "அப்ப நம்ம நாட்டுல எதனோல்ல ஓடுறது வண்டி இல்ல மாமா, ஆளுதான்" என்று பதில் போட்டான். பயல் கெட்டிக்காரன்.

கழிவில் இருந்து வடிப்பது வேறு கதை, அதற்கென்று காடு வெட்டப் போவதில்லை. வடிப்பதற்காகவே ஒரு பயிரை வளர்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்காவில் 2005இல் ஒரு சட்டம் போட்டார்கள், 2007இல் அதைப் பெரிதாக்கினார்கள். பெற்றோலில் இவ்வளவு உயிரெரிபொருள் கலந்தே ஆக வேண்டும் என்று. சோள எதனோலுக்கு வருடம் 1,500 கோடி கேலன் வரை இடம். சந்தை இருக்கிறதோ இல்லையோ, வாங்குகிறவன் நிச்சயம். அப்புறம் யார்தான் சோளம் போடமாட்டான்? மண் அரிக்கிற சரிவு நிலத்தில் பயிர் போடாமல் புல் விட்டு வைத்தால் அந்த அரசே வாடகை மாதிரிக் காசு கொடுக்கும் ஒரு திட்டம் அங்கே உண்டு. 2007இல் அதில் 3 கோடியே 68 லட்சம் ஏக்கர் இருந்தது. பத்து வருடத்துக்குள் 2 கோடியே 40 லட்சத்துக்கு வந்துவிட்டது. சட்டமே வரம்பைக் குறைத்ததும் உண்டு, சோள விலை இழுத்ததும் உண்டு. மாமாவுக்குக் கான் வெட்டப் பேர் போட்ட காலமும் பேர் போடாத காலமும்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து டைலர் லார்க்கும் அவர் குழுவும் 2022இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அந்தச் சட்டத்தால் சோள விலை 30 சதவீதம் ஏறியது, சோள நிலம் 28 லட்சம் ஹெக்டேர் கூடியது, புதிதாக உழுத மண்ணில் இருந்து வெளியேறிய கரியையும் கூடுதல் உரத்தையும் சேர்த்தால் சோள எதனோல் பெற்றோலைவிடச் சுத்தமானது இல்லை, பார்க்கப்போனால் குறைந்தது 24 சதவீதம் மோசமாக இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் ஆர்கோன் ஆய்வுகூடம் இதற்கு நேர் எதிராக, பெற்றோலைவிட நாற்பது சதவீதத்துக்கும் மேல் குறைவு என்கிறது. இரண்டு பக்கமும் படித்தவர்கள். வித்தியாசம் பெரும்பாலும், உழுத புல்வெளியை யார் கணக்கில் எவ்வளவு எழுதுவது என்பதில் இருக்கிறது. தேயிலைக் கட்டையில் மூன்று விரலைப் பார்த்த எனக்கு லார்க் பக்கம்தான் மனம் சாய்கிறது. இது அறிவியல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

மதியம் புத்தலயில் மாணிக்க கங்கையில் குளித்தோம். முழங்கால் தண்ணீர், மணல், மருத மர நிழல். இந்த ஆறு நமுனுகுல மலைப்பக்கம் பிறந்து, இப்படியே இறங்கிக் கதிர்காமத்துக்குப் போகிறது. ஆடி வேல் விழாவுக்கு நாங்கள் அங்கே முங்கி எழுந்து பட்டை போடுகிறோமே, அதே தண்ணீர்தான். நடுவில் இரண்டு கரையிலும் சோளமும் கரும்பும். மழை நாளில் யூரியா எங்கே போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தங்கச்சி ஊரில் இது பெரிய சண்டையாகவே நடந்தது. அங்கே குடிதண்ணீர் இரண்டு ஆற்றில் இருந்து வருகிறது. ஒரு லீட்டரில் 10 மில்லிகிராம் நைட்ரேட் நைட்ரஜனுக்கு மேல் போகக்கூடாது, கைக்குழந்தைக்கு ஆபத்து. ஆற்றில் அதற்கு மேல் வருவதால், நைட்ரேட்டைப் பிரிக்கவே தொண்ணூறுகளில் ஒரு பெரிய ஆலை கட்டினார்கள். 2015இல் நகரத்துத் தண்ணீர்ச் சபை ஆற்றின் மேல்பக்கத்து விவசாய வடிகால் சபைகள்மேல் வழக்குப் போட்டது. 2017இல் வழக்குத் தள்ளுபடி. 2025 ஜூனில் ஆற்றில் நைட்ரேட் ஏறி, சுத்திகரிக்க முடியாமல், வீட்டுப் புல்வெளிக்குத் தண்ணீர் விடவே தடை போட்டார்கள். "வயலுக்குப் போட்ட உரத்துக்கு விவசாயி ஒரு தடவை காசு கட்டுறான், அத எடுக்க நாங்க பில்லுல ஒரு தடவை கட்டுறோம்" என்பாள். எல்லாம் எதனோல் சோளத்தின் தலையில் போடவும் முடியாது, பன்றிப் பண்ணைகளும் அங்கே ஏராளம். மிச்சம் மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. அங்கே கோடையில் பாசி பெருகி அழுகி, தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்து மீன் இருக்க முடியாத ஒரு பரப்பு உண்டாகிறது. 2017இல் அது 22,700 சதுர கிலோமீட்டர், நம் நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

இவ்வளவும் எங்கேயோ நடக்கிறது என்று இருக்க முடியவில்லை. இந்தியா 2025இல் பெற்றோலில் 20 சதவீதம் எதனோல் கலக்கும் நிலைக்கு வந்துவிட்டது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றுக்குக் கட்டுப்பாடு வந்ததும் ஆலைகள் சோளத்தின் பக்கம் திரும்பின. வெளியே விற்றுக்கொண்டிருந்த நாடு 2024இல் வெளியே வாங்குகிற நாடாகிவிட்டது. அங்கே கோழிக்காரர்கள் தீனி விலையைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள். பீகாரில் சோளம் போட்டவருக்கு நல்ல விலை கிடைத்தது, அதையும் சொல்ல வேண்டும். 2007 ஜனவரியில் மெக்சிகோவில் டோர்ட்டியா விலை ஏறி ஜனம் தெருவில் இறங்கியபோதும் பலர் எதனோலைக் கைகாட்டினார்கள். சோள ரொட்டி அவர்களுக்கு நமக்குச் சோறு மாதிரி.

எனக்கு இது படித்த விஷயம் மட்டும் இல்லை. 2021இல் எங்கள் நாட்டில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் திரும்ப விட்டார்கள், அதற்குள் போகம் போய்விட்டது. சோளம் இல்லை, தீனி இல்லை. 2022இல் 300 கோழியை இறைச்சிக்குக் கொடுத்தேன், முட்டை போட்டுக்கொண்டிருந்த கோழிகள். ஏற்றிவிட்டுக் கூண்டைக் கழுவிய அன்று சாப்பிடவில்லை. அடுத்த வருடம் நாடு இந்தியாவில் இருந்து முட்டை இறக்கியது. இத்தனைக்கும் ஒரு வண்டிகூடச் சோளத்தில் ஓடவில்லை. இதே வரிசையில் பெற்றோல் டாங்கியும் வந்து நின்றால்? திரிபோஷாவில் இருப்பதும் சோளமும் சோயாவும்தான். பசறையில் உருண்டை பிடித்துத் தின்ற அந்தப் பிள்ளையும் இந்த வரிசையில்தான் நிற்கிறாள், கையில் காசு இல்லாமல்.

வெல்லவாயவில் இன்னும் பத்து மூட்டை. இது ஈரம். வியாபாரி "காஞ்சது, காஞ்சது" என்று சத்தியம் பண்ணினார். நேற்று அந்த அண்ணன் செய்ததுபோல் ஒரு மணியை எடுத்துக் கடித்தேன். நசுங்கியது. விலையில் கொஞ்சம் குறைத்து வாங்கினேன், வீட்டில் இரண்டு வெயில் காட்ட வேண்டும்.

நாலாம் நாள்: வெல்லவாய – கொஸ்லந்தை – பண்டாரவளை – வீடு

எல்ல பாதையில் ஏறியிருக்கலாம், சுற்றுலா வண்டிகளுக்குப் பயந்து கொஸ்லந்தைப் பக்கம் ஏறினோம். முப்பது மூட்டையோடு தியலும வளைவுகளில் லொறி முதல் கியரிலேயே முனகியது. நீர்வீழ்ச்சியில் தண்ணீர் நூல்மாதிரி.

கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடிய இடம். சோளத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்த இடம் வந்தால் யாரும் பேசுவதில்லை. தம்பி ரேடியோவை நிறுத்தினான், பெரகலை தாண்டித்தான் திரும்பப் போட்டான்.

பண்டாரவளையில் தேத்தண்ணி, மூன்று மணிக்கு வீடு. கோழிகள் என்னைப் பார்த்ததைவிட மூட்டையைப் பார்த்ததில் சத்தம் அதிகம். செலவைக் கூட்டிப் பார்த்தேன். லொறி வாடகை, டீசல், அறை, புளித்த தோடம்பழம் எல்லாம் போக, கடைத் தீனியைவிடக் கொஞ்சம் மிச்சம்தான். பெரிதாக ஒன்றும் இல்லை, அடுத்த தடவை இரண்டு நாளில் முடிக்க வேண்டும். ஈரச் சோளத்தைப் படங்கில் பரப்பிவிட்டு உட்கார்ந்தபோது மாமா போன் பண்ணினார்.

"பேரன் எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுனான். சரி, நம்ம ஆறு மூட்டைய நீங்களே எடுத்துக்கங்களேன். முதலாளிக்கு விதைக் கடன குடுத்துட்டா போதும். வர்ற போகமும் போடுறேன், உங்களுக்கே தர்றேன்."

பசறை எனக்குப் பக்கம். லொறி வாடகையில் பாதி மிச்சம். இதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்? ஆனால் அந்த மூன்று விரல் கண்ணுக்குள் நின்றது. நாலு நாளாக அமெரிக்காக்காரன் சரிவில் சோளம் போட்டதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

"எடுத்துக்கிறேன் மாமா. ஆனா வர்ற போகம் குறுக்க போடுங்க. மழைக்கு முந்தி ரெண்டு கானாவது வெட்டிருங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இப்ப எனக்கு முதுகு குனியாது மருமகனே. ரெண்டு ஆளு போடணும். ரெண்டு நாள் வேலை. கூலிய யாரு குடுப்பா?"

"நான் தர்றேன்" என்று வாய் சொல்லிவிட்டது.

கூலியைச் சேர்த்தால் மாமா சோளம் வெல்லவாயச் சோளத்தைவிட விலை கூட. வீட்டுக்காரியிடம் இன்னும் சொல்லவில்லை. புரட்டாசிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.